நல்

பதினோரு வருஷம் டேலியில் பில் போட்டேன்,
வண்ணார்பேட்டை பைப் கடையில்.
போன தை மாதம் முதலாளி ஒரு ஆப் வாங்கினார்.
பில்லைக் காட்டினால் போதும், போன் படித்துக்கொள்ளும்.
எண்ணெய்க் கறை, மடிப்பு, லாரிக்காரர் கிறுக்கல்,
எல்லாம் படித்தது.
என் கையெழுத்தையும் படித்தது.
ரெண்டு மாதச் சம்பளமும் அரைக்கிலோ அல்வாவும் தந்தார்.
சிரிக்காதீங்க,
நிஜமாகவே அல்வா கொடுத்தார்.
நெய் கையில் ஒட்டியது.

கீழே செல்போன் கடை, நடுவில் பல் டாக்டர்,
மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு.
கிளவுட், சைபர், ஏஐ, டேட்டா என்று
ஓட்டல் பலகை மாதிரி சுவரில் எழுதியிருந்தது.
எது சூடா இருக்கு என்றேன்.
ஜெர்லினுக்கு இருபத்திமூணு வயசு. சிரித்தாள்.
"டேட்டா எடுங்க யக்கா, கணக்கு எழுதின கைதானே.
எத்தனை நாளைக்குச் சூடா இருக்கும்னு
எனக்கே தெரியாது."

மூணாவது வாரம் நல் வந்தது.
பூஜ்யம் வேற, நல் வேற என்றாள்.
பூஜ்யம்னா எண்ணிப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லை.
நல்னா இன்னும் தெரியல.
கீழே யாருக்கோ கடைவாய்ப்பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.
நான் நோட்டில் தமிழில் எழுதினேன்: நல்.
நல்வரவு. நல்வாக்கு. நல்லெண்ணெய்.
ரேஷன் கார்டு முகாமில் 'வேலை?' என்று கேட்ட பையன்
நான் வாய் திறக்குமுன்னே 'இல்லை' என்று தட்டினான்.
தப்பு தம்பி.
அங்கே நல் போட்டிருக்கணும்.

பாடத்தில் வந்த பட்டியலில் எல்லாரும் வெளிநாட்டுக்காரர்கள்.
யாரையும் எனக்குத் தெரியாது.
பேட்டையில் எங்கள் தெருவையே பட்டியல் போட்டேன்.
ஐகோர்ட்துரை, ஐடிஐ ஃபிட்டர், சாப்பாட்டு டெலிவரி.
ஷம்சாத், பி.காம்., மூணு அரியர்.
பிரமநாயகம், சிவில் டிப்ளமா, கொசு மருந்து அடிக்கிறார்.
ரோசாலி, நர்ஸ்.
வெயிலுமுத்து, சவூதி, ஆறு மாதமாகப் போன் எடுக்கவில்லை.
உலகம்மாள், முப்பத்தொன்பது. அது நான்.
மொத்தம் பதினாலு.
இன்னொரு பட்டியலில் போனில் வந்த வேலைகள், நாற்பது.

இன்னர் ஜாயின் போட்டேன்.
ரெண்டு பக்கமும் பொருந்தினால்தான் பந்தியில் இடம்.
ரோசாலியும், பெங்களூர் போன யோவானும் வந்தார்கள்.
ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது.

லெஃப்ட் ஜாயின் போட்டேன்.
இடப்பக்கத்து ஆள் ஒருத்தரையும் விடாது அது.
பதினாலு பேரும் வந்தார்கள்,
வலப்பக்கம் கவுளி சொல்வது போல
நல் நல் நல் நல்,
பன்னிரண்டு தடவை.

"வேர் போடாம அப்டேட் கொடுத்துராதீங்க யக்கா."
மூணு தடவை சொல்லியிருந்தாள்.
எந்த வரியை மாற்றணும் என்று கேட்கிற இங்கிலீஷ் வேர்.
வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணி.
திங்கட்கிழமை கங்கைகொண்டானில் இண்டர்வியூ.
என் பெயருக்கு நேரே
டேட்டா அனலிஸ்ட் என்று எழுதிப் பார்க்க ஆசை.
தட்டினேன். என்டர்.

பதினாலு வரிகள் மாறின என்று வந்தது.

வேர் மறந்துவிட்டேன்.
தெரு முழுக்க டேட்டா அனலிஸ்ட்.
தோளில் புகைக்குழாயோடு பிரமநாயகம்.
மூணு அரியரோடு ஷம்சாத்.
எங்கே என்றே தெரியாத வெயிலுமுத்து.

ரோல்பேக் என்று ஒரு வார்த்தை போட்டால்
பழையபடி ஆகிவிடும்.
"பூட்டணும் யக்கா," சாவியோடு நின்றாள் ஜெர்லின்.
ஒரு நிமிஷம் என்றேன்.
கீழே பல் மிஷின் நின்றிருந்தது.
ரிஜிஸ்டர் எடுக்கிற டீச்சர் மாதிரி
மேலிருந்து கீழே ஒவ்வொரு பேராக வாசித்தேன்.
அப்புறம்தான் போட்டேன் ரோல்பேக்.

பாலத்தடி சிக்னலில் ஐகோர்ட்துரை,
முதுகில் சாப்பாட்டுப் பெட்டி.
"என்னக்கா, தன்னால சிரிக்கிய?"
"ஒரு நிமிஷம் நீ அனலிஸ்ட்டா இருந்தலே."
அவன் யோசித்தான்.
"சம்பளம் எம்புட்டு?"

அந்தக் கட்டத்தை நான் போடவே இல்லை.
பச்சை விழுந்தது. யாருக்கோ புரோட்டா
ஆறிக்கொண்டிருந்தது, போய்விட்டான்.