மோட்டார் சைக்கிள் அரை

காலை ஏழு முதல் ஒன்பது வரை
தெங்காவின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு
வண்டி எண்ணுவது என் வேலை.
கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்.
எதிர்நடைபாதையில் ஸுரைடா, பூப்போட்ட குடையின் கீழ்.
உள்ளே வருபவை அவளுக்கு,
வெளியே போகிறவை எனக்கு.

அப்போது போக ஒரு தடம், வர ஒரு தடம்.
'நாசி லெமாக் வாங்கியிருக்கேன், சம்பல் தனியா!'
என்று அவள் கத்தினால்
சம்பலின் காரம் வரைக்கும் கேட்கும்.

படிவத்தின் கணக்கு இது:
கார் ஒன்று.
லாரி இரண்டு.
பேருந்து இரண்டரை.
மோட்டார் சைக்கிள் அரை.
ஆள் கணக்கு இல்லை, தார் மேல்
எவ்வளவு இடம் அடைக்கிறது என்ற கணக்கு
என்று முதல் நாளே சொல்லிவிட்டார் மேற்பார்வையாளர் தியோ.

அதனால்
பின்தட்டில் முட்டி மடக்கி இருபத்திரண்டு பேர்
தலைக்கவசத்தை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டு போனாலும்
இரண்டுதான்.
கண்ணாடியில் தாடையைத் தடவிப் பார்த்தபடி
தனியாக ஒருவர் போனால்
ஒன்று.
துவாஸில் முதல் ஷிப்டுக்குப் போகும் இளங்குமரன்
என்னைக் கடக்கையில் ஹார்னை இரண்டு முறை தட்டுவான்.
என் கணவன்.
அரை.
ஒருநாளும் நான் கூட்டிப் போட்டதில்லை.

அடுத்த ஆண்டு எங்கள் எண்கள் போதும் என்றார்கள்.
தூங்குமூஞ்சி மரங்களில் தகடு அடித்தார்கள்,
நாற்பத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டு வரை.
வேலைக்கு வந்தவை அதே லாரிகள்.
இரண்டு, இரண்டு என்று நான் அனுப்பிவைத்தவர்கள்
ஒவ்வொருவராக இறங்கினார்கள்.
தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன்
சூடான தாரை இழுத்துவிட்டு நிமிர்ந்து கேட்டான்:
'அக்கா, இந்த ரோடு எங்க போகுது?'
பள்ளிக்கூடம், பலதுறை மருந்தகம்,
இன்னும் கட்டாத ஒரு சந்தை என்றேன்.
'ஓ' என்று தலையாட்டிவிட்டு
சந்தைக்கும் சேர்த்துச் சமன்படுத்தினான்.

அறிக்கையில் 'மக்கள்தொகை வளர்ச்சி' என்று இருந்தது.
எங்களைத்தான் சொல்கிறார்கள்.
நான்கரை ஆண்டு காத்திருந்து சாவி வாங்கிய
வீவக வீடு, பதினோராம் மாடி.
துணிக்கம்பை வெளியே நீட்டும்போது கீழே தெரியும்
அகலமாகிக்கொண்டே போகும் சாலை.
எனக்கும் அப்போது ஏழாம் மாதம்.

பனிக்குடம் உடைந்தது அதிகாலை மூன்று பத்துக்கு.
டாக்சி ஏறினோம்.
ஆறு தடமும் காலி.
கண்ணுக்கு எட்டிய விளக்கெல்லாம் பச்சை.
பழைய சாலையாக இருந்தால் என்று
நினைக்கவும் விடாத வலி.
நடுவில் என் கட்டைவிரல்
தன்பாட்டுக்கு வெறுங்காற்றை அழுத்தியது:
ஒன்று.
மூன்றாம் நாள் திரும்பும்போதும் ஒன்றுதான்.
படிவத்தின்படி என் மகள்
எந்த இடத்தையும் அடைக்கவில்லை.

பிரசவ விடுப்பு முடிந்து அதே இடம், அதே நாற்காலி.
எட்டு மணிக்குள் மூன்று தடமும் நிரம்பி
நான்காவதைக் கேட்பதுபோல் உறுமிக்கொண்டு நிற்கின்றன.
தியோ சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
'எண்ணு' என்றார்.

ஸுரைடா எதிரில் கத்துகிறாள்.
வாய் அசைகிறது.
நடுத்திட்டுக் கம்பிக்கும் லாரிகளுக்கும் பின்னால்
குடையின் பூ மட்டும் தெரிகிறது.
பொட்டலத்தைத் தூக்கிக் காட்டுகிறாள்.

பச்சை மனிதன் வந்தான்.
இரண்டு பேரும் நடந்து நடுத்திட்டில் சந்தித்தோம்.
அத்தனை வண்டியும் நின்றன,
இருவர் கையிலும் எண் ஏறவில்லை.
வாழையிலை வாசனையோடு பொட்டலத்தைத் திணித்துவிட்டு
பிள்ளை எத்தனை என்றாள்.
பிறந்தப்போ மூணு கிலோ இருநூறு,
இப்போ ஆறரை.
எண்ணைச் சொன்னால் போதும் அவளுக்கு,
கண் கலங்கிவிட்டது.

பதினொன்று, பத்து, ஒன்பது
என்று கம்பத்தில் குறைகிறது.
ஓடு, ஸுரைடா.