ஊதாக் கோடு

அறுவைக்கு முந்தின மாலை.
சயானில் ஒரு நகராட்சி ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு,
மழைச்சாரல் விழும் ஜன்னலோரக் கட்டில்.
பேச்சித்தாய் இசக்கிமுத்து, ஐம்பத்து நான்கு.
பித்தப்பையில் கல்.
கல் வேறொருவர் கவலை.
என்னுடையது கழுத்து.

"வாயைத் திறங்க."
மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில்
ஒன்றரை நுழைந்தது.
முப்பது வருஷம் கன்னத்தில் அதக்கிய புகையிலை
தாடையை உள்ளிருந்து தைத்துவிட்டது.
குர்லாவில் ஏறி வாஷி வரைக்கும்
பெண்கள் பெட்டியில் ஹேர்கிளிப் விற்கிறவர்.
"பசி தெரியாதும்மா, அதான்."
பக்கத்துக் கட்டிலுக்காக ஒருமுறை
கூவிக் காட்டினார், தஸ் மே தோ, தஸ் மே தோ.
நர்ஸ் மேஜை வரை தலைகள் திரும்பின.
ஒன்றரை விரல் வாயிலிருந்து!

அண்ணாந்து பார்க்கச் சொன்னேன்.
கூரை வரை போகவில்லை பார்வை,
மின்விசிறிக்குக் கீழேயே நின்றுவிட்டது.

நாளை விழித்திருக்கும்போதே
மூக்கு வழியாகக் கேமராக் குழாய்.
அது தவறினால் இது, இது தவறினால் அது என்று
காகிதத்தில் எழுதியாயிற்று.
கடைசி வரிக்கு மட்டும்
காகிதம் போதாது, விரல் வேண்டும்.

ஆண்களுக்குச் சங்கு துருத்தி நிற்கும்,
கண்ணாலேயே பிடித்துவிடலாம்.
இவருக்கு எங்கே?
சதை, மடிப்பு, மஞ்சள் போன கயிறு, மறுபடி சதை.
அதற்குள் எங்கோ ஒரு மேடு,
மேட்டுக்குக் கீழே ஒரு பள்ளம்,
விரல்நுனி அகலம்கூட இல்லை.
மூச்சுக்கு எல்லா வழியும் அடைபட்டால்
கத்தி இறங்க வேண்டிய ஒரே இடம்.

இங்கே, என்றது என் விரல்.
இல்லை, இன்னும் அரை அங்குலம் கீழே, என்றது ஸ்கேன்.

போன வருஷ மழையில்
வேறொரு கழுத்தில் இதே விரல் இப்படித்தான்
உறுதியாகச் சொன்னது.
அவர் பிழைத்தார், என்னைத் தள்ளிவிட்டு
இன்னொருவர் கை வந்ததால்.
அந்தக் கைக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

ஊதா மார்க்கரால் கோடு போட்டேன்.
"என்னத்துக்கு இது?"
"ரயில்ல அபாயச் சங்கிலி இருக்குல்ல, அது மாதிரி."
"இழுத்தா ஃபைன்லா போடுவான்?"

காலை ஏழே முக்கால்.
கழுத்தில் கோடு இல்லை.
ஆபரேஷனுக்கு முன் நன்றாகத் தேய்த்துக் குளிக்கச் சொன்ன நர்ஸ்,
நன்றாகத் தேய்த்துக் குளித்த பேச்சித்தாய்.
ஸ்கேன் மெஷின் பிரசவ அறைக்குப் போயிருந்தது.
வார்டுபாயை விரட்டிக்கொண்டிருந்தேன் நான்,
என் குரல் எனக்கே பிடிக்காத உயரத்தில்.

"இங்கன," என்றார் அவர்
ஆட்காட்டி விரலைக் கழுத்தில் ஊன்றி.
"ராத்திரி பூரா தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்லா.
எச்சி முழுங்கினா மேல போயி
திரும்ப இங்கனயே வந்து உக்காருது."

மெஷின் வந்தது.
வைத்துப் பார்த்தேன்.
அங்கனயேதான்.
விரலை எடுக்காதீங்க என்று சொல்லிவிட்டு
அதன் நுனியை ஒட்டி மறுபடி கோடு இழுத்தேன்.

கேமரா இறங்கியது, இருட்டு, சளி, சிவப்பு,
பிறகு திரையில்
இரண்டு வெள்ளை நாடாக்கள் விலகின.
குர்லா முதல் வாஷி வரை
பெட்டிகளை அதட்டியது இவ்வளவுதானா?
குழாய் அவற்றைத் தாண்டியதும்
பேச்சித்தாய் ஏதோ சொல்ல வந்தார், சத்தம் வரவில்லை.
கண்ணைப் பார்த்துத் தலையசைத்தேன்.
அதற்குப் பிறகுதான் மயக்க மருந்து.

பிரிக்காத கத்தி உறையைத்
தட்டிலிருந்து எடுத்து இழுப்பறையில் போட்டேன்.

அன்றிரவு ரயிலில்
கம்பியைப் பிடிக்காத கையால்
என் கழுத்தில் தேடினேன்.
எதிர் சீட்டுப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மாட்டுங்காவில் தொடங்கினேன்.
தாதரில் இறங்கும்வரை
உறுதியாகச் சொல்ல முடியவில்லை.