மாம்பழக் குப்பி

மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது
ஒரே ஒரு குப்பி. மாம்பழம்.
லீவு நாற்பது நாள்,
கணக்கு சரிதான்.

குளச்சலில் பத்தாம் நாளே பாதி.

“வெயிலுக்கு எண்ணெ நீர்த்துப்போவும்,
காயில் பழசாயிருக்கும்,
கரமடி இழுக்கியது போலல்லா
நீ இழுக்கிய மக்கா” என்றான் ஜெரோபின்.

இருபத்தைந்து வாட்டைப் பன்னிரண்டாக்கினேன்.
காற்றுத் துளையைப் பாதி அடைத்தேன்.
மூச்சை நறுக்கி நறுக்கி இழுத்தேன்.
குப்பியில் பேனாவால் கோடு போட்டேன்.
கோடு அங்கேயே நின்றது,
எண்ணெய் மட்டும் இறங்கியது.

கரண்ட் போன இரவு,
மொட்டைமாடியில் துணி எடுக்கப்போன டெல்பின்
வெகுநேரம் கழித்து வந்து படுத்தாள்.
முடியில் மாம்பழ வாசம்.
மாதமோ ஐப்பசி.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் பார்த்தால்
என் கோட்டுக்குக் கீழே
இன்னொரு கோடு,
கண்மையில்.