நாலாம் நம்பர் கோப்பை

பதினோரு நாள் ஸ்டிரைக் முடிந்து
பேரணாம்பட்டு ஷெட்டைத் திறந்த காலையில்
பீப்பாய்க்குள் பழுப்புச் சாயம்
தயிராகத் தோய்ந்து கிடந்தது.
கரண்டியைச் செருகினேன்.
நட்ட கம்பமாய் நின்றது.

ஜியாவுல்லா பாய் எட்டிப் பார்த்தார்.
"தண்ணி ஊத்தும்மா. நாலு மணிக்கு லாரி."
வேண்டாம் பாய், கெட்டுப்போகலை.
யாரும் தொடாம விட்டதில
ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிட்டிருக்கு,
அவ்வளவுதான்.
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
நான் சாயத்தைத்தான் சொன்னேன்.

கலக்கியை இறக்கினேன். மோட்டார் முனகியது.
கோலைச் சுற்றி ஒரு சாண் மட்டும் இளகிச் சுழல
பீப்பாயின் ஓரம் அசையவே இல்லை,
பந்தியில் பாதிப்பேர் எழுந்த பிறகும்
இலையை மூடாத ஆட்கள் மாதிரி.
வேகத்தைக் கூட்டச் சொன்னார் பாய்.
கூட்டினால் நடுவில் குழி விழும்,
காற்று புகும், நுரை கட்டும்.
காத்திருந்தேன்.
வளையம் விரல் விரலாக அகன்றது.

நாலாம் நம்பர் கோப்பையில் மொண்டு
அடித்துளையிலிருந்து விரலை எடுத்தேன்.
தாரை அறும்வரை முப்பத்தெட்டு வினாடி.
கலக்கி, மறுபடி: முப்பத்தொன்று.
மறுபடி: இருபத்தாறு.
ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை.

"இன்னாக்கா இது,
ஒரே சாயம் தபாக்கு ஒரு கணக்கு சொல்லுது?"
ஸ்டாப்வாட்சைப் பிடித்திருந்த கோட்டீஸ்வரி கேட்டாள்.
எவ்ளோ கெட்டின்னு கேக்காதடி,
கடைசியா எப்ப கலங்குச்சுன்னு கேளு.

பைண்டரில் விரலைத் தோய்த்துக் காட்டினேன்.
கட்டைவிரலும் ஆள்காட்டியும் விலக விலக
நடுவே ஒரு நூல்.
தண்ணீராயிருந்தால் எப்போதோ அறுந்து சொட்டியிருக்கும்.
இது மெலிகிறது, இன்னும் மெலிகிறது,
அறாமல் தன்மேல் குட்டி மணிகளைக் கோத்துக்கொள்கிறது.
உள்ளே சுருண்டு கிடந்த சங்கிலிகள்
இழுத்த இழுப்புக்கு நீண்டு தாங்குகின்றன.
நிற்கும்போது கண்டு,
ஓடும்போது நூல்.
பி.எஸ்ஸி. மூன்றாம் வருடம்
கிராஃப் போட்டு மனப்பாடம் செய்தேன்;
விரலில் பார்த்தது இங்கேதான்.

பிறகு ஸ்ப்ரே துப்பாக்கி.
ஊசித் துளையின் கழுத்தில் அத்தனையும்
ஒரே திசையில் படுத்து நழுவும்.
ஆட்டுத்தோலில் விழுந்ததும்
மறுபடி கைகோக்க வேண்டும்.
முந்தினால் சொரசொரப்பு, பிந்தினால் வழிசல்.
துளைக்குள் மோர், தோல்மேல் தயிர்,
நடுவே ஒரு கண்ணிமைப்பு.
எங்கள் சம்பளமெல்லாம் அந்த இமைப்பில்.

வடிகட்டியில் நாலைந்து கட்டிகள் தங்கின.
எத்தனை கலக்கியும் கரையாதவை.
நசுக்கினால் நழுவின, உடையவில்லை.
துரைக்கண்ணுவையும் அமீனாவையும்
இன்று கேட்டுக்குள் விடவில்லை.
கட்டிகளை ஒரு டீ கப்பில் எடுத்து வைத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
பதிவேட்டில் எழுதினேன்: இருபத்தாறு வினாடி.
எத்தனை நாள் நின்றிருந்தது என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.

சாயங்காலம் ஆம்பூர் எட்டும் முன்பே
பாலாற்றங்கரையில் இறங்கிக்கொண்டேன்.
ஆந்திரப் பக்கம் மழையாம்;
ஆற்றில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர்.
ஈர மணலில் கால் வைத்தேன்.
மிதித்த இடத்தைச் சுற்றி மணல் வெளுத்து உலர்ந்தது.
அழுத்தினால் நெருங்கும் என்பவர்
மணலை மிதித்ததில்லை.
இறுகிக் கிடந்த மணிகள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்ட
இடம் கேட்டு விரிகின்றன,
மேல்நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கின்றன.
காலை எடுத்தால் ஈரம் திரும்புகிறது,
ஒன்றும் நடக்காத மாதிரி.

துரைக்கண்ணுவுக்குப் போன் போட்டேன்.
ரிங் போய்க்கொண்டே இருந்தது.
நின்றுகொண்டே இருந்ததில்
கணுக்கால்வரை இறங்கியிருந்தேன்.
ஒரு காலைப் பிடுங்கி வைத்தேன்,
பிறகு மற்றதை.