இரண்டு கை சுண்ணாம்பு

மேட்டூர் திறந்து ஆறாம் நாள்
வாய்க்காலைத் தூர்வார வந்தது ஜேசிபி.
மண்ணோடு சேர்த்து எங்கள் தெருவின் கேபிளையும்
அள்ளிக் கரையில் போட்டுவிட்டுப் போனது.
தலைஞாயிறு என்று பேரில்தான் தலை இருக்கிறது.
தண்ணீருக்கு நாங்கள் கடைமடை.
நெட்டுக்கும் அப்படித்தான் போல.

பொழுது சாய்கையில் ஆரோக்கியசாமி வந்தார்.
மயிரிழைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
ஒரு குடைக்கடியில் உட்கார்ந்து ஒட்டினார்.
மோடத்தின் சிவப்பு விளக்கு அணைந்தது.
"இன்னும் ஒண்ணு" என்று
என் காதுத் தோட்டைக் கேட்டு வாங்கி
அதன் தண்டால்
மோடத்தின் முதுகிலிருந்த பொடி ஓட்டையில் குத்தினார்.
பத்து எண்ணுவதற்குள் அது
பிறந்த அன்றைக்குத் திரும்பிவிட்டது.
"செட்டிங்கை நீங்களே போட்டுக்குங்க,
கச்சனத்துல ஒரு கம்பம் சாஞ்சு கெடக்கு."
வண்டியை உதைத்தார்.

வீட்டிலிருந்தே வேலை எனக்கு.
அமெரிக்காவில் யாருக்கோ முழங்கால் பெயர்ந்தால்
அதற்கு ஓர் எண் போடுவேன்.
வாத்து கடித்தால்கூட எண் உண்டு அந்தப் பட்டியலில்.
அறுத்த வயலெல்லாம் வாத்து மேய்கிற இந்த ஊரில்
ஒருவரையும் ஒரு வாத்தும் கடித்து நான் பார்த்ததில்லை.
இரவு பத்தரைக்கு லாகின்.
பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போச்சு.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, புள்ளி,
நூற்றறுபத்தெட்டு, புள்ளி, ஒன்று, புள்ளி, ஒன்று.
அட்மின். அட்மின்.
ஊருக்கே தெரிந்த பூட்டு, ஊருக்கே தெரிந்த சாவி.
உள்ளே போனால் கட்டம் கட்டமாக.
எதையோ மாற்றினேன்,
பயந்து பழையபடி வைத்தேன்.
கட்டணமில்லா எண்ணில் ஒரு பெண்
என் அழைப்பு முக்கியமானது என்று
பதினேழு நிமிடம் சொன்னாள்.

கடைசியில் அது கேட்டது இரண்டே இரண்டு:
யூசர்நேம், பாஸ்வேர்டு.

இணைப்பு தந்த அன்று
ஆரோக்கியசாமி அவற்றைப் பென்சிலால் எழுதிவைத்தது
காலண்டருக்குப் பின்னால், சுவரில்.
போகிக்கு முதல் நாள் அந்தச் சுவருக்கு
இரண்டு கை சுண்ணாம்பு அடித்தது
நானேதான்.

காலண்டரைக் கழற்றினேன். பளீரென்று வெள்ளை.
அறை விளக்கை அணைத்து
போன் டார்ச்சைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்தேன்.
வெள்ளைக்கு அடியிலிருந்து
பென்சில் அழுத்திய பள்ளங்கள்
ஒவ்வொன்றாய் நிழல் கட்டின.
நல்லவேளை, அழுத்தி எழுதுகிற மனுஷன்.
ஒரு கே. ஒரு டி.
அப்புறம் பூஜ்யமா, ஓ-வா?
ஒன்றா, ஏழா,
இல்லை மட்டை இழுத்த தடமா?

மூன்று முறை தவறு என்றது.
ஓ-வைப் பூஜ்யமாக்கினேன்.
ஏழை ஒன்றாக்கினேன்.
பத்து இருபத்தெட்டுக்கு
உருண்டை படம் போட்ட அந்த விளக்கு
ஆரஞ்சில் கொஞ்சம் யோசித்துவிட்டுப்
பச்சையானது.

நான் போட்ட கூச்சலில்
பக்கத்து வீட்டுக் கோதண்டம் வேலிக்கு வந்துவிட்டார்.
நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட்டிருக்கிறவர்.
"நெட்டு வந்துடுச்சா? தண்ணி எங்க வருதுன்னு பாரேன்."
பார்த்தேன்.
மூன்று நாளைக்கு முந்தைய கணக்குதான் இருந்தது.
"இன்னும் கல்லணையே தாண்டலையாம்."
"என் மச்சான் நீடாமங்கலத்துல
காலை நனைச்சுட்டு இப்பதான் போன் பண்ணான்" என்று
எனக்கு விவரம் சொல்லிவிட்டுப் போனார்.

பத்து முப்பத்தொன்று. முதல் கோப்பு:
ஏணியிலிருந்து விழுந்த ஒருவர், வலது மணிக்கட்டு.

இடைவேளையில், ராத்திரி இரண்டுக்கு,
வைஃபைக்குக் கடைமடை என்று பேர் வைத்தேன்.
யூசர்நேமையும் பாஸ்வேர்டையும்
காலண்டருக்குப் பின்னால் அதே இடத்தில் எழுதினேன்,
இந்தத் தடவை ஆணியால்,
பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கோடும் போட்டு.

விடிந்து முகம் கழுவும்போதுதான்
ஒற்றைக் காது மூளி என்று தெரிந்தது.
தோடு
மோடத்தின் மேலேயே கிடந்தது,
சூடாக.