ஐந்தாவது கால்

என் வேலை எண் போடுவது.
நகானோவில், ரயில் பாதையை ஒட்டிய மூன்றாம் மாடியில்,
மாத இதழ் ஒன்றுக்காக
வாரம் பதினான்கு அனிமே தொடர்கள் பார்க்கிறேன்.
ஓவியத்துக்கு முப்பது, கதைக்கு முப்பது,
இயக்கத்துக்கு இருபது, ஒலிக்குப் பதினைந்து.
மிச்சம் ஐந்தை
‘பிடித்திருந்ததா?’ என்ற கட்டத்துக்கு
கொசுறாக விட்டிருக்கிறார் ஆசிரியர் குனியெதா.

செவ்வாய் இரவு, பதினொன்றரை.
கிணற்றுக்குள் ரயில் நிலையம் நடத்தும்
தவளைகளின் தொடர், ஏழாம் பகுதி.
தபால் பையோடு திருடர்கள் ஓட,
நிலைய அதிகாரித் தவளை
குதிரையேறித் துரத்துகிறது.
நிறுத்தினேன். பின்னுக்கு நகர்த்தினேன்.
குதிரைக்கு ஐந்து கால்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
சாதிக்கிற பழக்கம் எனக்கில்லை.
திரையில் விரல் வைத்து எண்ணினேன்.
ஐந்துதான்.
ஓவியம்: முப்பதுக்குப் பதினொன்று.

பக்கத்து வீட்டில் சயெகுசா, டாக்சி ஓட்டுகிறவர்.
எங்களுக்கு நடுவே
சுவர் என்ற பெயரில் ஓர் அட்டை.
அவர் ஆன்டெனாவில் பார்க்கிறார், நான் இணையத்தில்;
அவருடைய படம் ஏழு விநாடி முந்தி.
எனக்கு முதலில் வருவது சிரிப்பு,
பிறகுதான் சிரிக்க வேண்டிய விஷயம்.
அன்று நான் கால் எண்ணி முடிப்பதற்குள்
அவர் திருடனைப் பிடித்து,
முடிவுப் பாட்டையும் கேட்டு,
பல் விளக்கப் போய்விட்டார்.

போன பருவத்தில்
நான் தொண்ணூற்று நான்கு கொடுத்த தொடர் ஒன்று உண்டு.
பனி விழும் துறைமுகம், ஒரு விதவை,
பேச்சே இல்லாத பதினோரு நிமிடங்கள்,
ஒரு கோடும் பிசகவில்லை.
சுவருக்கு அப்பால் குறட்டை.
எனக்கோ, சொன்னால் என்ன, அழுகை வந்தது.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்
இயக்கத்தில் இரண்டு கூட்டினேன்.

வியாழன் காலை, குப்பைப் பை வைக்கும் இடம்.
காக்கைகளுக்காகப் போட்டிருந்த வலையைத்
தூக்கிப் பிடித்தபடி கேட்டேன்:
“அந்தக் குதிரைக்கு ஐந்து கால், கவனித்தீர்களா?”
பையின் வாயை முடிந்துகொண்டே சொன்னார்:
“அதுவா?
அவ்வளவு வேகமாக ஓடுகிறது என்றல்லவா நினைத்தேன்.”

மாடியேறி மறுபடி பார்த்தேன், நிறுத்தாமல்.
உண்மைதான். வேகம்.

ஆனால் அவரிடம் ஒன்று சொல்லவில்லை.
ஆறு வருடம் நானும் அந்த இடைப்படங்களை வரைந்தவள்,
தாளுக்கு இருநூற்றுச் சொச்சம் யென்.
விடியற்காலை நான்கு மணிக்கு
ஒரு கால் கூடும், ஒரு விரல் குறையும்.
அது வேகம் அல்ல, சயெகுசா-சான்,
யாரோ ஒருத்தியின் தூக்கம்.
பதினொன்று போட்டால் அவளுக்குத் தண்டனை.
முப்பது போட்டால்
அவளைத் தூங்க விடாதவருக்குப் பரிசு.

“மூன்று பேர் எண்ணையும் கூட்டிச்
சராசரி போடுகிறோமே,
எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார் குனியெதா.
ஆகும்.
முயலுக்கு மூன்று, குதிரைக்கு ஐந்து,
சராசரி நான்கு.
பழுதில்லாத ஒரு விலங்கு.
யாரும் வரையாதது.
யாரையும் சிரிக்க வைக்காதது.

அடுத்த செவ்வாய் சுவரில் சத்தமில்லை.
அவருக்கு இரவுப் பணி,
ஷிஞ்சுகு பக்கம் குடிகாரர்களை ஏற்றிக்கொண்டிருப்பார்.
முன்னறிவிப்பே இல்லாமல்
எட்டாம் பகுதியைத் தனியாகப் பார்த்தேன்,
நிறுத்தும் கையைத்
தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.
பின்னணியில் தண்டவாளம்
ஒரு காட்சியில் இடமிருந்து வலம்,
அடுத்ததில் வலமிருந்து இடம்.
பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது?
பயணச்சீட்டு ஜன்னலில் ஒரு கொசு,
தனக்கு அரைச் சீட்டு போதும் என்று
தவளையிடம் வாதாடுகிறது.
உயரத்தை அளந்து பார் என்கிறது.
தவளை நாக்கை நீட்டி அளக்கிறது.

சத்தமாகத்தான் சிரித்திருக்க வேண்டும்.
மேல்வீட்டில் யாரோ
தரையைத் தட்டினார்கள்.
மூன்று தட்டு.
எண்ணினேன்.