பழுது பார்த்தல்

போத்தி துறைமுகத்தில்
மழைக்கு மட்டும் விடுப்பு கிடையாது.
மூன்றாம் முற்றத்தில்,
யூகலிப்டஸ் வரிசைக்கு இந்தப் பக்கம்,
பதினோராம் எண் கன்டெய்னர் தூக்கி
கையை உயர்த்தியபடி நின்றது,
விடை தெரிந்தும்
ஆசிரியை கவனிக்காத பையன்போல.

போனது ஒரு ரப்பர் வளையம்.
என் மோதிரம் அதைவிடக் கனம்.
வாசலுக்கு எதிரே ஒட்டாரின் கடையில்
முப்பத்தெட்டு லாரி.
எங்கள் நாட்டில் லாரி என்பது பணம்,
அதுவும் ஓடுவதற்கு அனுமதி கேட்கும்.

நுக்ஸார் முதல் நாளே படிவம் கொடுத்தார்.
திருப்பி அனுப்பியது நான்.
ஏழாம் கட்டம் காலி.
மறுநாள், 'காரணம்' என்ற அந்தக் கட்டத்தில்
'தேய்ந்துவிட்டது' என்று எழுதி வந்தது.
அது காரணம் அல்ல, அறிகுறி;
கையேடு, பக்கம் நாற்பத்தொன்று.
மறுபடி அனுப்பினேன்.

பிறகு மூன்று விலைப்புள்ளி கேட்டது கணக்குப் பிரிவு.
ஊரில் இருப்பதோ ஒரு கடை.
ஒட்டார் தன் பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று,
மச்சானின் நாய் பெயரில் ஒன்று என
மூன்றையும் ஒரே பேனாவில் எழுதித் தந்தார்.
அதை யாரும் மறுக்கவில்லை.
கையெழுத்திட வேண்டிய பெசாரியோன்
மகள் கல்யாணத்துக்குக் குத்தாயிசி போயிருந்தார்.
அவருக்குப் பதிலாக இடுபவர்
பதவி உயர்ந்து
கணினியில் இல்லாமல் போயிருந்தார்.

ஹேசல் கொட்டை ஏற்றிய பெட்டிகள்
ஈரம் குடித்துக்கொண்டு கிடந்தன.
கப்பல் ஒன்று சலித்துப் பத்தூமிக்குத் திரும்பியது.
வாடகைத் தூக்கி வந்தது,
நாளுக்குத் தொள்ளாயிரம்.
அது வேறு கணக்குத் தலைப்பு,
யார் கையெழுத்தும் வேண்டாம்.

பழுது பார்ப்பது என்கிறோம்.
சரியான சொல்தான்.
ஜன்னல் வழியே தினமும் பார்த்தேன்.

பத்தொன்பதாம் நாள் ஒப்புதல் வந்தது.
குடைகூட எடுக்காமல் ஓடினேன்.
நுக்ஸார் சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:
"ஆறாம் நாளே மாட்டிவிட்டேன், என் காசில்."
எண்ணெய் துடைத்து, கை மடக்கி,
பதின்மூன்று நாளாக நலமாக நின்றிருக்கிறது.
கணினி அதை நோயாளி என்றதால்
சாவி தருவார் இல்லை.
தினமும் பார்த்தவள்,
அந்தக் கை இறங்கியதை
எப்படித் தவறவிட்டேன்?

மாத அறிக்கையில் நிறுத்தத்துக்கு எட்டுக் குறியீடுகள்.
வானிலை, உதிரிபாகம், ஓட்டுநர், மின்சாரம்...
என் மேசைக்கு எண் இல்லை.
இரண்டு என்று போட்டேன்.

முப்பத்தெட்டு லாரிக்கு நுக்ஸார் தந்த ரசீது
இன்னும் என் இழுப்பறையில்.
வாங்கிய தேதி, ஒப்புதலுக்கு முந்தியது.
முறைப்படி திருப்பி அனுப்ப வேண்டும்.
அதற்கும் ஒரு படிவம்,
அதிலும் ஒரு ஏழாம் கட்டம்.
இந்த முறை நிரப்ப வேண்டியவள் நான்.